கூலிக்கு வாசித்தவர்கள்: பி.எஃப்.எம். என்ற இத்தாலிய ராக் குழுவின் முதல் ஆண்டுகள்

அந்தப் பாட்டு ஒரு கிட்டாரோடு மெதுவாகத் தொடங்குகிறது. விடியற்காலை. சுற்றிலும் பனித்துளிகள். பாடுகிறவன் சூரியனைத் தேடுகிறான், காணவில்லை. வயல்வெளி இன்னும் தூக்கத்தில் இருக்கிறது. ஒரு குதிரை புல்லை நோக்கிக் கழுத்தை நீட்டியபடி அசையாமல் நிற்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து காதோடு பேசுகிற அளவுக்குத்தான் அந்தக் குரல் எழும்புகிறது. தான் யாரென்று தனக்கே விளங்காத ஒருவன் தன்னைத் தேடி நடக்கிறான், அவ்வளவுதான் விஷயம். அடுத்து பல்லவி வர வேண்டும். நாமும் வார்த்தைக்காகக் காத்திருக்கிறோம்.

வார்த்தை வருவதில்லை. அந்த இடத்தில் மூக் சின்தசைஸர் என்ற மின்னணுக் கட்டைக்கருவி எழுகிறது. அகலமான, கனத்த ஒரே ஒரு சுரக்கோடு, பின்னால் டிரம்ஸும் மற்ற வாத்தியங்களும் சேர்ந்து உயர, மேலே போகிறது. மனிதனுக்குச் சொல்லத் தெரியாத இடத்தில் கருவி பேசுகிறது. முதல்முறை கேட்டபோது எனக்கு இத்தாலிய மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாது. அந்தப் பல்லவிக்கு மொழி தேவைப்படவும் இல்லை.

பாட்டின் பெயர் ‘இம்ப்ரெஸ்ஸியோனி தி செத்தெம்ப்ரே’. செப்டம்பர் மாதத்து மனப்பதிவுகள் என்று சொல்லலாம். 1971-ல் வந்தது. வாசித்தவர்கள் மிலான் நகரத்து ஐந்து இளைஞர்கள். குழுவின் பெயர் பிரெமியாத்தா ஃபோர்னெரியா மார்க்கோனி, சுருக்கமாக பி.எஃப்.எம். இத்தாலிய வெகுஜனப் பாட்டில் மூக் கருவி ஒலித்த முதல் பதிவுகளில் இது ஒன்று. அன்றைய மூக் கருவியில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் பேசும். இரண்டு கட்டையைச் சேர்த்து அழுத்தினாலும் ஒன்றுதான் ஒலிக்கும். ஆர்கன் வாசிப்பவருக்கு அது பெரிய குறை. இந்தப் பாட்டை அமைத்தவர்களோ அந்தக் குறையையே பாடகனாக்கினார்கள். மனிதக் குரலும் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தானே. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டு போகவும் அந்தக் கருவிக்குத் தெரியும்.

இவ்வளவு தெளிவான ஒரு முடிவை, தங்கள் முதல் இசைத்தட்டிலேயே, ஒரு புதுக்குழு எப்படி எடுத்தது? இந்தக் குழுவைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பதெல்லாம் இந்தக் கேள்விக்கான பதில்தான். குழுவின் பெயர் புதிது, ஆட்கள் பழையவர்கள். அந்த இசைத்தட்டுக்கு முன்னால் ஏழெட்டு வருடங்கள் அவர்கள் மற்றவர்களுக்காக, நாள்கூலிக்கு வாசித்திருந்தார்கள்.

1960-களின் மிலானில் இருந்து தொடங்க வேண்டும். பிரிட்டனில் இருந்து பீட்டில்ஸ் போன்ற குழுக்களின் பீட் இசை அடித்த அடியில் இத்தாலி முழுக்க இளைஞர் குழுக்கள் முளைத்தன. அந்தக் குழுக்களுக்குப் பிழைப்பு பெரும்பாலும் வெளிநாட்டுப் பாட்டுகளை இத்தாலிய வார்த்தைகளில் பாடுவதுதான். லண்டனிலோ பாரிஸிலோ ஒரு பாட்டு ஓடினால், உடனே அதற்கு இத்தாலிய வரி எழுதி, உள்ளூர்க் குழு ஒன்றைப் பாடவைத்து, மூலப்பாட்டு கடைக்கு வருவதற்குள் விற்றுவிடுவார்கள். அப்படி மிலானில் கிளம்பிய குழுக்களில் ஒன்று ‘இ குவெல்லி’. ‘அந்த ஆட்கள்’ என்று அர்த்தம் சொல்லலாம். ஆரம்பத்தில் அதில் பாடியவர் தேயோ தேயோகொலி. பிற்காலத்தில் இத்தாலியத் தொலைக்காட்சியில் பெரிய நகைச்சுவை நடிகராகப் பெயர் வாங்கியவர். இ குவெல்லிக்குக் கிடைத்த வெற்றிப் பாட்டும் இரவல் சரக்குதான். மிஷெல் போல்னரெஃப் பிரெஞ்சில் பாடிய, ‘இல்லை இல்லை’ என்று தலையாட்டும் பொம்மைப் பெண்ணைப் பற்றிய பாட்டின் இத்தாலிய வடிவம் அது.

குழுவாக அவர்கள் பெரிதாகப் போகவில்லை. ஆனால் அதன் டிரம்ஸ்காரர் ஃபிரான்ஸ் டி சோச்சோ, கிட்டார் வாசித்த ஃபிராங்கோ முஸ்ஸிதா, கீபோர்டு வாசித்த ஃபிளாவியோ பிரேமொலி, பேஸ் கிட்டார் வாசித்த ஜோர்ஜோ பியாட்சா ஆகிய நால்வருக்கும் மிலான் ஸ்டுடியோக்களில் நல்ல பெயர். இத்தாலியின் இசைத்தட்டுத் தொழில் மிலானைச் சுற்றித்தான் சுழன்றது. பாடகருக்குப் பின்னால் கச்சிதமாக வாசிக்க ஆள் எப்போதும் தேவை. லூச்சோ பத்திஸ்தி, மினா, அத்ரியானோ செலந்தானோ, ஃபாப்ரிட்சியோ தெ ஆந்த்ரே என அந்தக் காலத்து இத்தாலிய இசையின் உச்சியில் இருந்தவர்களின் பதிவுகளில் இவர்கள் கை இருக்கிறது.

ஸ்டுடியோ வேலை என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். எதிரே சுரம் எழுதிய தாளை வைப்பார்கள். ஒன்றிரண்டு தரம் வாசித்துப் பார்த்ததும் பதிவு. மணிக்கணக்குக்கு வாடகை ஓடுகிற இடத்தில் தப்பு செய்ய நேரமில்லை. காலையில் ஒரு காதல் பாட்டு, மத்தியானம் ஒரு ஆட்டப் பாட்டு. பாடகர் எங்கே மூச்சு எடுக்கிறார் என்று பார்த்து ஒதுங்கி நிற்க வேண்டும், ஒரு பாட்டில் எட்டு விநாடிதான் நமக்கு இடம் என்றால் அந்த எட்டு விநாடிக்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும். இசைத்தட்டின் உறையில் பெயர் வந்தாலும் வரும், வராமலும் போகும். இப்படி வருடக்கணக்கில் வேலை பார்த்தவர்களுக்கு, எந்த வாத்தியம் எங்கே வாயை மூட வேண்டும் என்பது ரத்தத்தில் ஊறிவிடும். அந்தப் பனிக்காலைப் பாட்டில் குரல் நின்றதும் மூக் வருகிற அந்த ஒழுங்கு இங்கே கற்றது என்றுதான் நான் நினைக்கிறேன்.

1970-ல் தெ ஆந்த்ரே ‘லா புவோனா நொவெல்லா’ என்ற இசைத்தட்டைப் பதிவு செய்தார். நற்செய்தி என்று பொருள். விவிலியத்தில் சேர்க்கப்படாத பழைய நற்செய்தி ஏடுகளை வைத்து, மரியாளையும் யோசேப்பையும் சிலுவையடியில் நின்ற தாய்மார்களையும் சாதாரண மனிதர்களாகப் பார்த்த பாடல்கள். அதற்கு வாசித்தவர்கள் இ குவெல்லி. அதே பதிவுக்குப் புல்லாங்குழல் வாசிக்க வந்த ஒருவர்தான் மௌரோ பகானி. பிரெஷா பக்கத்துக் கியாரி என்ற சிற்றூர்க்காரர், வயலினும் தெரியும். நால்வர் ஐவரானது இந்தச் சந்திப்பால். ஒரு பாடகரின் இசைத்தட்டில் கூலிக்கு வந்த இடத்தில் ஒரு குழு பிறந்தது என்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம்.

நடுவில் சில மாதம் ‘கிரெல்’ என்ற பெயரில் ஒரு சிறு இசைத்தட்டும் போட்டுப் பார்த்தார்கள். அது நிற்கவில்லை. அப்புறம் வந்ததுதான் இன்றைய நீண்ட பெயர். பகானியின் ஊரான கியாரியில் ‘ஃபோர்னெரியா மார்க்கோனி’ என்று ஒரு ரொட்டிக்கடை இருந்தது. மார்க்கோனி அடுமனை. அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். முன்னால் ‘பிரெமியாத்தா’ என்று ஒரு சொல் சேர்ந்தது. பரிசு பெற்ற என்று அர்த்தம். இத்தாலியின் பழைய கடைகள், எங்காவது பொருட்காட்சியில் பதக்கம் வாங்கியிருந்தால் அதைப் பெயர்ப்பலகையிலேயே எழுதிக்கொள்ளும் வழக்கம் உண்டு. ஆக, முழுப் பெயரையும் தமிழில் சொன்னால் ‘பரிசு பெற்ற மார்க்கோனி ரொட்டிக்கடை’. ஆங்கிலம் போலத் தோன்றும் பெயருக்காக எல்லாக் குழுவும் அலைந்த காலத்தில், சொந்த ஊர்த் தெருவில் இருந்து ஒரு பலகையைக் கழற்றி மாட்டிக்கொண்டது சின்ன விஷயமில்லை. அவர்கள் செய்யப்போகிற இசையின் போக்கும் அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

சரி, அந்த நேரத்தில் இத்தாலியில் இப்படி ஒரு இசைக்கு யார் காத்திருந்தார்கள்? இதையும் பார்க்காமல் இந்தக் குழுவின் கதை விளங்காது. 1951-ல் தொடங்கிய சான்ரெமோ பாட்டுப் போட்டிதான் அதுவரை இத்தாலிய வெகுஜன இசையின் அச்சு. மூன்று நிமிடப் பாட்டு, பெரிய குரல், நெஞ்சைப் பிழியும் மெட்டு. 1960-களின் முடிவில் அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைகளே அதைவிட்டு வெளியே வரத் துடித்தார்கள். பல்கலைக்கழகங்களில் போராட்டம், தொழிற்சாலைகளில் வேலைநிறுத்தம். 1969 டிசம்பர் 12 அன்று மிலான் நகரின் பியாட்சா ஃபோந்தானா சதுக்கத்தில் ஒரு வங்கிக்குள் குண்டு வெடித்து 17 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு அந்த நகரம் பழைய நகரமாக இருக்கவில்லை. இசைக் கூட்டமும் அரசியல் கூட்டமும் ஒன்றோடொன்று கலந்தன. 1971 ஜூலை 5 அன்று மிலானின் விகொரெல்லி சைக்கிள் பந்தய மைதானத்தில் லெட் செப்பெலின் வாசித்துக்கொண்டிருக்கும்போதே போலீஸ் கண்ணீர்ப்புகைக் குண்டு வீச, நிகழ்ச்சி பாதியில் நின்றது. பி.எஃப்.எம். அதே நகரத்தில் மேடையேறிக்கொண்டிருந்த வருடம் அது.

இன்னொரு பக்கம், நீண்ட, சிக்கலான, பல பகுதிகளாகப் பிரிந்து விரியும் பிரிட்டிஷ் ராக்கை இத்தாலிய இளைஞர்கள் பிரிட்டனைவிட ஆசையாகக் கேட்டார்கள். வான் டெர் கிராஃப் ஜெனரேட்டர் குழுவின் ‘பான் ஹார்ட்ஸ்’ இசைத்தட்டு சொந்த நாட்டில் விற்பனைப் பட்டியலையே எட்டவில்லை, 1972-ல் இத்தாலியில் முதலிடத்துக்கு வந்தது. ஜெனசிஸ் குழுவையும் பிரிட்டனுக்கு முன்பே கொண்டாடியவர்கள் இத்தாலியர்கள். இதற்குக் காரணம் என்று ஒன்றை மட்டும் சுட்டிக்காட்ட முடியாது. ஆனாலும் ஓபராவைக் கேட்டு வளர்ந்த காதுக்கு, அமைதியும் ஆர்ப்பாட்டமும் மாறி மாறி வருகிற இருபது நிமிட இசை அந்நியமாகத் தோன்றாது. முறையாகச் சங்கீதக் கல்லூரியில் படித்த இளைஞர்களும் அங்கே நிறைய. ரோமில் பாங்கோ தெல் மூத்துவோ சொக்கோர்சோ, வெனிஸ் பக்கம் லே ஓர்மெ, நேப்பிள்ஸில் ஒசான்னா என்று ஒவ்வொரு ஊரிலும் ஒரு குழு ஒரே நேரத்தில் எழுந்தது தற்செயலாக நடந்திருக்க முடியாது.

பி.எஃப்.எம். தொடக்கத்தில் மேடையில் வாசித்தது பெரும்பாலும் பிறருடைய பாட்டுகள். யெஸ், டீப் பர்ப்பிள், புரோக்கல் ஹாரம் போன்ற குழுக்கள் இத்தாலிக்கு வந்தபோது அவர்களுக்கு முன்னால் மேடையேறினார்கள். ஜெத்ரோ டல்லின் ‘மை காட்’ வாசித்தார்கள், பகானியின் புல்லாங்குழலுக்கு அது தோதான பாட்டு. கிங் கிரிம்சனின் ‘ட்வென்டி ஃபர்ஸ்ட் செஞ்சுரி ஸ்கிட்ஸாய்டு மேன்’ வாசித்தார்கள். இந்தப் பாட்டின் பெயரைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன். அந்தப் பாட்டின் நடுவே எல்லா வாத்தியமும் ஒரே மூச்சில், நிறுத்தி நிறுத்தி, கத்தியால் வெட்டியதுபோல வாசிக்க வேண்டிய ஒரு பகுதி வரும். ஒருவர் ஒரு இம்மி பிந்தினாலும் அம்பலமாகிவிடும். ஸ்டுடியோவில் பழகிய இந்த ஐவருக்கு அது பந்தயக்குதிரைக்குக் கிடைத்த மைதானம்.

1971-ல் கடலோர ஊரான வியாரெஜ்ஜோவில் புதிய இசைப் போக்குகளுக்கென்று ஒரு விழா முதல்முறையாக நடந்தது. பி.எஃப்.எம். அங்கே தங்கள் சொந்தப் பாட்டான ‘லா கரோட்ஸா தி ஹான்ஸ்’, அதாவது ஹான்ஸின் குதிரை வண்டியை, வாசித்தார்கள். பரிசை மூவர் பகிர்ந்துகொண்டார்கள்: பி.எஃப்.எம்., ஒசான்னா, பாடகி மியா மார்தினி. பெயரில் இருந்த ‘பரிசு பெற்ற’ என்ற சொல் அன்றைக்கு உண்மையானது.

நூமெரோ ஊனோ என்ற நிறுவனம் அவர்களை எடுத்துக்கொண்டது. ‘முதலாம் எண்’ என்று பொருள். பாடலாசிரியர் மொகோலும் லூச்சோ பத்திஸ்தியும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம். பத்திஸ்திக்குக் கூலிக்கு வாசித்தவர்கள் அவருடைய நிறுவனத்திலேயே கலைஞர்களானார்கள். ‘இம்ப்ரெஸ்ஸியோனி தி செத்தெம்ப்ரே’ பாட்டின் வரிகளைப் பகானியோடு சேர்ந்து எழுதியவரும் இதே மொகோல்தான். இசை முஸ்ஸிதா. காதல் பாட்டில் கைதேர்ந்த அவர், இங்கே காதலியே இல்லாத ஒரு வயல்வெளியை எழுதிக் கொடுத்தார்.

முதல் இசைத்தட்டு ‘ஸ்தோரியா தி உன் மினூத்தோ’, ஒரு நிமிடத்தின் கதை, 1972 ஜனவரியில் வந்தது. தயாரிப்பு கிளாவுதியோ ஃபாபி. மொத்தம் முக்கால் மணி நேரம்கூட இல்லை. அதைத் தொடர்ச்சியாகக் கேட்பதுதான் சரி. சிறிய முன்னுரை, பனிக்காலைப் பாட்டு, அது முடிந்த சூட்டோடு ‘எ ஃபெஸ்தா’. திருவிழா என்று பெயர், பெயருக்கேற்ற பாட்டு. தென் இத்தாலியக் கிராமங்களில் ஆடுகிற தாரந்தெல்லா ஆட்டத்தின் துள்ளல் அதில் இருக்கிறது. டி சோச்சோ பிறந்தது தெற்கே அப்ருட்சோ மலைநாட்டில். அவர் டிரம்ஸில் அமெரிக்க ராக்கின் கனத்துக்குப் பதிலாகக் காலைத் தரையில் வைக்கவிடாத ஒரு குதிப்பு இருக்கும். இந்தப் பாட்டின் தலைப்பு மெட்டை கீபோர்டில் ஒரு தரம் கேட்டால் போதும், அன்றைக்கு முழுவதும் அது போகாது.

அப்புறம் ‘தோவே குவாந்தோ’, எங்கே எப்போது, இரண்டு பகுதிகளாக. முதல் பகுதி மென்மையான காதல் பாட்டு. இரண்டாவதில் வார்த்தை கிடையாது, கீபோர்டு முன்னே வந்து சாஸ்திரிய இசைக்கும் ஜாஸுக்கும் நடுவே அலைகிறது. இங்கேதான் இந்த ஐவரின் படிப்பு தெரிகிறது. பிரிட்டிஷ் குழுக்கள் பலவற்றில் சாஸ்திரிய இசை ஒரு அலங்காரம் போல மேலே ஒட்டியிருக்கும். முஸ்ஸிதா நைலான் கம்பி கிட்டாரை எடுக்கும்போது அப்படி ஒட்டியது தெரியாது. வீட்டில் பேசுகிற மொழி மாதிரி வந்து விழும். ‘ஹான்ஸின் வண்டி’யில் அவர் தனியாக வாசிக்கும் பகுதியைக் கேட்டால் நான் சொல்வது புரியும். சுற்றிலும் இரைச்சலும் உடைந்த தாளமும், நடுவே ஒரு ஆள் மட்டும் மரநிழலில் உட்கார்ந்து வாசிப்பது போல.

அதே ஆண்டு முடிவதற்குள் இரண்டாவது இசைத்தட்டு. ‘பெர் உன் அமீகோ’, ஒரு நண்பனுக்காக. முதலாவதில் இருந்த வெள்ளந்தித்தனம் இதில் குறைவு, நுணுக்கம் அதிகம். ஐந்தே பாட்டு. தொடக்கப் பாட்டான ‘அப்பேனா உன் போ’ கிட்டாரும் புல்லாங்குழலும் பின்னிக்கொண்டு நீண்ட நேரம் தயங்கித் தயங்கி மலர்கிறது, அதன் பிறகே குரல் வருகிறது. ஒரு கேட்பவராக எனக்கு முதல் தட்டுதான் நெருக்கம். ஆனால் இசையாளர்களாக அவர்கள் எட்டிய உயரம் எது என்று கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

இப்போது அந்தக் கிங் கிரிம்சன் பாட்டுக்கு வருகிறேன். 1969-ல் வந்த அந்தப் பாட்டைப் பாடியவர் கிரெக் லேக். வரிகளை எழுதியவர் பீட் சின்ஃபீல்டு. லேக் பிறகு எமர்சன், லேக் அண்டு பாமர் குழுவில் ஒருவராகி, அந்தக் குழு 1973-ல் மான்டிகோர் என்று சொந்தமாக ஒரு இசைத்தட்டு நிறுவனம் தொடங்கியது. பி.எஃப்.எம்.மைக் கேட்டு வியந்து, அந்த நிறுவனத்துக்கு அழைத்துக்கொண்டவர் லேக். அவர்களுடைய பாட்டுகளுக்கு ஆங்கில வரி எழுதி, தயாரிப்பையும் பார்த்துக்கொண்டவர் சின்ஃபீல்டு. இரண்டு வருடத்துக்கு முன்னால் இத்தாலிய மேடைகளில் யாருடைய பாட்டை நகல் எடுத்து வாசித்தார்களோ, அந்தப் பாட்டின் குரலும் வரியும் நேரில் வந்து இவர்களோடு வேலை பார்த்தன. பத்து வருடமாக வெளிநாட்டுப் பாட்டுக்கு இத்தாலிய வரி போட்டுப் பாடிக்கொண்டிருந்த ஒரு நாட்டின் குழு அது. இப்போது இத்தாலியப் பாட்டுக்கு ஓர் ஆங்கிலேயர் வரி போடுகிறார். காற்று எதிர்த்திசையில் வீசத் தொடங்கிய அந்தக் கணம் இத்தாலிய இசைக்கு எவ்வளவு பெரியது என்பதை நினைத்தால் இன்றும் சிலிர்க்கிறது.

அப்படி வந்ததுதான் 1973-ன் ‘ஃபோட்டோஸ் ஆஃப் கோஸ்ட்ஸ்’. பெரும்பாலும் இரண்டாவது தட்டின் பாட்டுகள், முதல் தட்டிலிருந்து ‘எ ஃபெஸ்தா’ மட்டும் ‘செலிபிரேஷன்’ என்ற பெயரில். புதிதாக ‘ஓல்டு ரெயின்’ என்ற வாத்திய இசை ஒன்று. சின்ஃபீல்டு மொழிபெயர்க்கவில்லை. மெட்டைக் கேட்டு, தனக்குத் தோன்றிய வேறொரு உலகத்தை எழுதினார். ‘ஜெனராலே’ என்று வார்த்தையே இல்லாமல் இருந்த பாட்டு, ‘மிஸ்டர் நைன் டில் ஃபைவ்’ என்று அலுவலகம் போய்வரும் மனிதனைப் பற்றியதானது. நண்பனுக்கான பாட்டு ஆவிகளின் புகைப்படங்களானது. ‘இல் பாங்கெத்தோ’, விருந்து, அது ஒன்றை மட்டும் இத்தாலிய மொழியிலேயே விட்டுவைத்தார்கள்.

இதில் கிடைத்தது என்ன, போனது என்ன? கிடைத்தது கதவு. அமெரிக்காவின் பில்போர்டு விற்பனைப் பட்டியலில் அந்த இசைத்தட்டு 180-ஆம் இடம் வரை ஏறியது. எண் சிறியதாகத் தெரியலாம், இத்தாலிய ராக் குழு ஒன்று அந்தப் பட்டியலைத் தொடுவது அன்றைக்கு யாரும் எதிர்பாராதது. அந்த ஆண்டு ஆகஸ்டில் பிரிட்டனின் ரெடிங் விழா மேடையில் வாசித்தார்கள். போனது குரலின் இயல்பு. இந்தக் குழுவில் பாடகர் என்று தனியாக ஒருவர் கிடையாது. முஸ்ஸிதா, பிரேமொலி, டி சோச்சோ மாறி மாறிப் பாடினார்கள். தாய்மொழியில் அந்தக் கூச்சமான, மெல்லிய குரல்கள் பாட்டோடு கரைந்துவிடும். ஆங்கிலத்தில் பாடும்போது ஒவ்வொரு சொல்லையும் நாக்கு முதலில் சரிபார்த்துக்கொண்டு வெளியே விடுவது கேட்கிறது. உலகமே ரசித்த ‘செலிபிரேஷனை’ நானும் ரசிக்கிறேன். ஆனால் ஒருவர் இந்தக் குழுவை முதன்முதலாகக் கேட்கப்போகிறார் என்றால், இத்தாலியத் தட்டுகளைத்தான் கையில் கொடுப்பேன்.

அடுத்த படிகள் வேகமானவை. பியாட்சா விலக, ஏரியா குழுவில் இருந்து பேஸ் கிட்டார்காரர் பாட்ரிக் ஜீவாஸ் வந்தார். 1974-ல் ‘லிசோலா தி நியெந்தே’, ஆங்கில வடிவத்தில் ‘தி வேர்ல்டு பிகேம் தி வேர்ல்டு’. தேவாலயத்தில் நிற்பது போன்ற ஒரு பாடகர் குழுவின் குரலோடு தொடங்கி, சட்டென்று கிட்டார் வந்து அதைக் கிழிக்கிற அந்த முதல் நிமிடத்துக்காகவே அதைக் கேட்கலாம்.

அந்த வருடமே அமெரிக்கச் சுற்றுப்பயணம். ஆகஸ்டில் டொரன்டோவிலும் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கிலும் வாசித்ததைப் பதிவு செய்து ‘லைவ் இன் யூஎஸ்ஏ’ என்று இத்தாலியிலும் ‘குக்’ என்று வெளிநாட்டிலும் வெளியிட்டார்கள். அந்தப் பதிவில் ஒரு இடம் இருக்கிறது. குழு முழு வேகத்தில், கிட்டத்தட்ட ஜாஸ் போல, மனம்போன போக்கில் வாசித்துக்கொண்டே போகிறது. கூட்டம் சூடேறிவிட்டது. அப்போது பகானியின் வயலின் முன்னால் வந்து, இத்தாலிய இசையமைப்பாளர் ரொசீனியின் ‘வில்லியம் டெல்’ ஓபரா முன்னிசையில் வருகிற அந்தக் குதிரைப் பாய்ச்சல் மெட்டை எடுக்கிறது. அமெரிக்காவில் அந்த மெட்டைத் தொலைக்காட்சிக் கௌபாய் தொடரின் இசையாகத் தெரியாதவர் கிடையாது. கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. அது யாருடைய மெட்டு என்பதை, அதை எழுதியவரின் நாட்டிலிருந்து வந்த ஐந்து பேர், டிரம்ஸும் மூக் கருவியும் சேர்த்து, அந்தப் பயணத்தில் வாசித்துக் காட்டுகிறார்கள். அங்கே ஆங்கில வரியும் இல்லை, உச்சரிப்புக் கவலையும் இல்லை. கூலிக்கு வாசித்த நாட்களின் கச்சிதமும், ஊர்த்திருவிழாவின் துள்ளலும், சங்கீதக் கல்லூரியின் படிப்பும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

அமெரிக்கப் பயணம் அந்த உயரத்தில் நீடிக்கவில்லை. பாடகர் என்ற குறையைத் தீர்க்க 1975-ல் அக்குவா ஃபிராஜிலே குழுவின் பெர்னார்தோ லான்ட்செத்தியைச் சேர்த்துக்கொண்டார்கள். ‘சாக்லேட் கிங்ஸ்’ வந்தது, அமெரிக்காவைக் கேள்வி கேட்கிற பாட்டு அதில் இருந்தது, அங்கே வரவேற்பு குறைந்தது. பகானியும் சிறிது காலத்தில் விலகிப்போனார்.

தொடக்ககால ஆட்களில் பலரும் ஏதோ ஒரு விதத்தில் பழைய இடத்துக்கே திரும்பினார்கள் என்பதுதான் இதில் என்னை நிற்கவைக்கிறது. 1978-ன் கடைசியில் தொடங்கி 1979 ஜனவரி வரை பி.எஃப்.எம். தெ ஆந்த்ரேயோடு சேர்ந்து இத்தாலியைச் சுற்றி வந்தது. 1970-ல் அவருக்குப் பின்னால் சம்பளத்துக்கு உட்கார்ந்து வாசித்தவர்கள், இந்த முறை அவர் பாட்டுகளை எடுத்துத் தங்கள் கையால் புதிதாக அமைத்துக் கொடுத்தார்கள். ‘மரினெல்லா’வும் ‘இல் பெஸ்கதோரே’ என்ற மீனவன் பாட்டும் அவற்றில் அடக்கம். மேடையிலிருந்து பதிவான அந்த இசைத்தட்டுக்குப் பிறகு தெ ஆந்த்ரே தன் நிகழ்ச்சிகளில் பல பாட்டுகளை அவர்கள் அமைத்த விதத்திலேயே பல வருடம் பாடினார். தனியே போன பகானி 1984-ல் அதே தெ ஆந்த்ரேயோடு உட்கார்ந்து, ஜெனோவா வட்டார மொழியில் ‘கிரூசா தெ மா’ என்ற இசைத்தட்டை உருவாக்கினார்.

இன்றும் இத்தாலியில் ‘இல் பெஸ்கதோரே’ என்று யாராவது தொடங்கினால், கூட்டம் கைதட்டிக்கொண்டே உடன் பாடுவது பெரும்பாலும் அந்த 1979 வடிவத்தைத்தான்.